தன்னுறிஞ்சல் வீதம்

கொழும்பிலிருந்து வந்த கோப்பில் நாற்பத்திரண்டு பக்கம்.
சொல்லுக்கு மூன்று ரூபாய்.
களுவாஞ்சிகுடியில் இரவு ஒன்பதரை.
ரியூசன் பிள்ளைகளின் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு
ஒரு கைபேசியின் பாதுகாப்புக் குறிப்பைத்
தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரு தலை.
ஒருக்களித்துக் கிடக்கும் அரைத்தலை, வெறும் கோது.
எங்கோ ஒரு நாட்டுப் படையாட்களை அளந்து
எடுத்த பெரிய அளவு.
மூளை இருக்கவேண்டிய இடத்தில்
தண்ணீர், சீனி, உப்பு.
வயிற்றோட்டத்துக்கு ஆஸ்பத்திரியில்
கரைத்துக் கொடுப்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

காதோடு போனைச் சாத்தி
உச்ச வலுவில் அதை அலறவிடுகிறார்கள்.
இயந்திரக் கையொன்று கரைசலுக்குள் ஊசியை நகர்த்தி
எந்த இடம் எவ்வளவு குடித்தது என்று பார்க்கிறது.
பத்துக் கிராமுக்குச் சராசரி எடுத்தால்
கிலோவுக்கு இரண்டு உவாற்றைத் தாண்டக் கூடாது.
தாண்டவில்லை. ஒப்பமிட்டாயிற்று.
அந்தத் தலையை இரவில்
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சொல்தான் இடறியது.
நம் பாடநூலில் அதற்கு முன்னொட்டு 'தன்'.
தன்வெப்பக் கொள்ளளவு, தன்னீர்ப்பு.
அப்படியானால் இது தன்னுறிஞ்சல் வீதம்.
பதினெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியும்
இந்தத் 'தன்'னை நின்று பார்த்ததில்லை.
ஒரு கிலோ 'தான்'
ஒரு செக்கனில் எவ்வளவு குடிக்கும்?

அலுவலகத்தில் இருந்து மெயில்:
'மீடிறன் எவருக்கும் விளங்காது,
அதிர்வெண் என்று மாற்றவும்.'
மாற்றினேன்.
'தன்'னை மாற்றச் சொல்லவில்லை, கவனிக்கவில்லைப் போல.

பதினோராம் பக்கம்:
சமிக்ஞை பலவீனமான இடங்களில்
நீண்ட நேரம் உரையாடுவதைத்
தவிர்க்கவும்
என்று தட்டும்போது மணி அடித்தது.

நேசதுரை.
வாவிக்கு அந்தப் பக்கம்,
வெல்லாவெளிக்கும் அப்பால் வயலில்,
மருதமரத்துப் பரணில், ஒற்றைக்கோடு சிக்னலில்.
கோபுரம் தூரமென்றால் போன் உரத்துக் கத்தும்,
அதுவும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

"நித்திரையா?"
"இல்ல, வேல. சொல்லுங்க."
"வாய்க்காலுக்கு அங்கால நிக்கான். தனியன்."
"வெடி இரிக்கா?"
"ரெண்டு. ஒண்டு நனைஞ்சிட்டு."

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
அவர் மூச்சு கேட்டது.
அதன் பின்னால் ஏதோ முறிகிற சத்தம்,
கதிராகவும் இருக்கலாம், வேலிக்கம்பாகவும் இருக்கலாம்.

எந்தப் போன் கத்தவேண்டிய ஆகக்கூடிய கத்தலோ
அதை ஆய்வுகூடம் ஒருதரம் அளந்து முடித்தது.
அவர் தலைக்கு அது
விதைப்பு முடிந்து அறுக்கும் மட்டும், அநேகமாய் ஒவ்வொரு ராவும்.
கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன்,
கை வேறொன்றும் செய்ய மாட்டேனென்றதால்.
அப்போதும் எல்லைக்குள்தான்.
ஒரு பாகையின் சின்னத் துண்டு,
இரத்தமே ஓடிவந்து ஆற்றிவிடும் சூடு.
பயப்பட ஒன்றுமில்லை என்கிறது பௌதிகவியல்.
நம்புகிறேன்.
அது போனைப் பற்றி மட்டும் சொல்கிறது.

போன முறை தனியன் நின்ற தூரத்தைக் கேட்டேன்.
"நம்மட வளவு மதில் அளவு" என்றார்.
அதற்கு எவரும் இன்னும்
பக்கம் ஒதுக்கி, எல்லை குறித்து, ஒப்பமிடவில்லை.

"ஹலோ... விளங்குதில்ல...
காதோட அமத்திப் புடிங்க!
இன்னும் கிட்ட!"

திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது,
'கருவியை உடலிலிருந்து குறைந்தது
பதினைந்து மில்லிமீற்றர்'
என்ற இடத்தில்.

"மறுகா எடுக்கன்" என்றார்.
அல்லது அப்படி ஏதோ.
கோடு போய்விட்டது.

என் காது சுட்டது.
பற்றரியின் சூடு அது. வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.
போனைக் கீழே வைக்கவில்லை.